கோயில் மதில் சட்டை

எனக்குக் கால்பந்து பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நான் சொல்லப்போவதில் பாதி ஒரு கால்பந்து கிளப்பைப் பற்றியது. குவைத்தில் ஃபர்வானியாவில் எங்களுக்கு இருந்தது இரண்டே அறை உள்ள ஃப்ளாட். தையல் மெஷினும் டிவியும் ஒரே அறையில். நான் ரவிக்கை தைப்பேன், என் மகன் ஆட்டம் பார்ப்பான். கண்ணை வேண்டுமானால் துணியில் வைத்துக்கொள்ளலாம், காதை என்ன செய்வது? அப்படித்தான் ஸ்பெயினின் வடக்கு மூலையில் இருக்கும் ஒரு துறைமுக ஊரின் கிளப்பைப் பற்றி, என் புகுந்த வீட்டுக் கதைகளைவிட அதிகமாக எனக்குத் தெரிந்துபோயிற்று.

எங்கள் கட்டடத்துப் பையன்களுக்கெல்லாம் ஸ்பெயின் என்றால் இரண்டே கிளப்தான். ஒன்று வெள்ளைச் சட்டை, இன்னொன்று நீலமும் சிவப்பும். மலையாளிப் பையன்கள், கோவாப் பையன்கள், கீழ்த்தளத்து எகிப்துப் பையன்கள் எல்லாரும் இந்த இரண்டில் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். கடைகளில் அந்தச் சட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். என் மகனுக்கு மட்டும் யாரும் கேள்விப்படாத கிளப். ஊரோடு ஒத்துப்போக மாட்டாயா என்று கேட்டால், "அவங்க வெளி ஆளுங்கள வாங்கறதே இல்லம்மா" என்பான்.

விஷயம் இதுதான். அந்தக் கிளப்பில் அந்தப் பகுதியில் பிறந்தவர்கள் மட்டும்தான் ஆடலாம். மற்றக் கிளப்புகள் பிரேசிலிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். இவர்கள் மட்டும் தங்கள் மண்ணின் பிள்ளைகளை வைத்தே நூறு வருஷமாக ஆடுகிறார்கள். அப்படி ஆடியும் முதல் பிரிவிலிருந்து ஒரு தடவைகூடக் கீழே இறங்கியதில்லை.

முதலில் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. "நம்ம ஆளு மட்டும்தான்னு சொல்றதுல என்னடா பெருமை? நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு அதத்தான் சொல்றான். அதுக்கு ஸ்பெயின் வரைக்கும் போவணுமா?" என்றேன்.

அவன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "சாதி இல்லம்மா. அப்பா அம்மா எங்கேர்ந்து வந்தாங்கன்னு கேக்கறதில்ல. பாஸ்போர்ட் கேக்கறதில்ல. அங்க பொறந்தா போதும். பொறக்கலன்னாக்கூட அங்க வளந்து, அங்க ஆடக் கத்துக்கிட்டா போதும். நீ அந்த ஊருதான்."

அப்போது அவனுக்குப் பதினாறு வயது. அவன் ஏன் அந்தக் கிளப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கையில் இருந்த ரவிக்கையை மெஷினிலேயே விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

அவன் பிறந்தது ஃபர்வானியாவில். மூன்று வயதிருக்கும்போது ஈராக் படை வந்தது. பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டான் வரை பஸ்ஸில் போய், கூடாரத்தில் கிடந்து, விமானம் ஏறி மாயவரம் போய்ச் சேர்ந்தோம். சொந்தக்காரர்கள் எல்லாம் ஓடி வந்து தூக்கி முத்தம் கொடுத்தார்கள். இவனோ தினமும் சாயங்காலம் ஆனால் வாசலில் நின்றுகொண்டு "வீட்டுக்குப் போலாம்" என்று அழுவான். இதுதாண்டா உன் வீடு என்று ஆள் மாற்றி ஆள் சொல்லிப் பார்த்தார்கள். சண்டை முடிந்து, என் கணவரின் கம்பெனி மறுபடி திறந்து, ஃபர்வானியாவுக்குத் திரும்பி வந்த அன்றைக்குத்தான் அவன் அழுகை நின்றது.

என் கணவர் கட்டடச் சாமான் விற்கும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவர் அந்த நாட்டில் ஒரு நாளும் காலை நீட்டி உட்கார்ந்தவரில்லை. பரண் மேல் பெட்டி எப்போதும் பாதி அடுக்கியே இருக்கும். மகன் பேச்சுவாக்கில் "எங்க ஊர்ல" என்று ஃபர்வானியாவைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "நாம பொழைக்க வந்தவங்க. பொழைக்க வந்த எடத்த ஊருன்னு சொல்லிக்கக் கூடாது. நாளைக்குப் போன்னு சொன்னா போவணும்" என்பார். மகன் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவான்.

பதினேழாவது பிறந்தநாளுக்கு அவனுக்கு அந்தக் கிளப்பின் சட்டை வேண்டும் என்று ஆசை. ஃபர்வானியா முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. நானே தைக்கிறேன் என்றேன். சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி நெட்டுக்குப் பட்டை. துண்டு துண்டாக வெட்டி இணைத்து, முன்பக்கம் நன்றாக வந்துவிட்டது. முதுகில் ஒரு சிவப்புப் பட்டை மற்றதைவிட அகலமாகப் போய்விட்டது. போட்டுக்கொண்டு வந்து நின்றான். கோயில் மதில் சுவரை உரித்து மாட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. சொன்னேன். "இருக்கட்டும், தூரத்துல வந்தாலே உனக்குத் தெரியும்ல" என்றான்.

அந்தப் பட்டைக்கும் ஒரு கதை வைத்திருந்தான். ஆதியில் அவர்கள் சட்டை நீலமும் வெள்ளையுமாக இருந்ததாம். புதுச் சட்டை வாங்கிவர ஓர் ஆளை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர் எங்கேயோ அலைந்திருக்கிறார், வேண்டிய அளவுக்கு நீலச் சட்டை கிடைக்கவில்லை. கப்பல் ஏறும் நேரம் வந்துவிட்டது. துறைமுகத்தில் அந்த ஊர் டீம் போடும் சிவப்பு வெள்ளைச் சட்டையை வாங்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். அன்றிலிருந்து அதுதான் அவர்களுடைய உயிர். எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. என்னமோ ராஜா காலத்துக் கொடி என்று நினைத்திருந்தேன், கடைசியில் பார்த்தால் கடையில் ஸ்டாக் இல்லாத கதை.

இன்னொன்றும் சொல்வான். அந்த ஊருக்குக் கால்பந்தைக் கொண்டுவந்ததே வெளி ஆட்கள்தானாம். இரும்புச் சுரங்கத்திலும் கப்பல் துறையிலும் வேலை பார்க்க இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் ஓய்வு நேரத்தில் ஆற்றங்கரையில் ஆடியிருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஆட்டத்தைக் கொண்டுவந்தவன் பிறகு ஆட முடியாது என்று ஆகிவிட்டது. "இங்க கட்டடம் கட்டறவன் மாதிரி" என்றேன் நான். அவன் சிரிக்கவில்லை. "அவன் புள்ள அங்க பொறந்திருந்தா ஆடலாம்மா" என்றான்.

ஸ்பெயினில் ஒரு சர்வாதிகாரி இருந்த காலத்தில் அவர்கள் மொழியையே பேச விடாமல் அடக்கினார்களாம், கிளப்பின் பெயரைக்கூட மாற்றச் சொன்னார்களாம். மைதானத்துக்கு ஒரு புனிதரின் பெயர். அவரைச் சிங்கங்களிடம் போட்டபோது சிங்கங்கள் கடிக்கவில்லையாம், அதனால் ஆட்டக்காரர்களுக்குச் சிங்கங்கள் என்று பட்டம். கடிக்காத சிங்கத்துக்கு எதற்குப் பட்டம் என்று கேட்டேன், முறைத்தான். அந்த மைதானத்தில் பழைய ஆட்டக்காரர் ஒருவருக்கு மார்பளவுச் சிலை வைத்திருக்கிறார்கள். கோல் மேல் கோல் போட்டவர், சின்ன வயதிலேயே போய்விட்டார். வெளியூர் டீம் அங்கே முதல் தடவை ஆட வரும்போது அதன் கேப்டன் அந்தச் சிலைக்குப் பூ வைக்க வேண்டும்.

"வரும்போதெல்லாமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. மொத தடவ மட்டும்தான். விருந்தாளியா வர்றவங்க வைக்கறது. சொந்த டீம் ஏன் வைக்கப் போவுது?"

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவனைத் திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.காம் சேர்த்தோம். வளைகுடாவில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே அதற்கு மேல் நம் பிள்ளைகளுக்கு வழி குறைவு. அதோடு இன்னொன்றும் தெரியும். குடும்ப விசாவில் இருக்கும் பிள்ளை தொடர்ந்து ஆறு மாதம் நாட்டுக்கு வெளியே இருந்தால் அவன் இக்காமா, அதாவது அங்கே குடியிருக்கும் அனுமதி, தானாக அறுந்துவிடும். அதனால் ஊரில் படிக்கும் பிள்ளைகள் ஆறு மாதம் முடிவதற்குள் ஓடிவந்து மண்ணைத் தொட்டுவிட்டுப் போவார்கள். ஒரு ராத்திரி இருந்துவிட்டு மறுநாள் விமானம் ஏறும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அம்மா கையால் ஒரு வேளைச் சாப்பாடு, பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை, அவ்வளவுதான்.

அவனுக்கு அந்த முத்திரை உயிராக இருந்தது. கல்லூரியில் அவனை "ஷேக்" என்று கூப்பிட்டார்கள். தமிழ் எழுதத் தடுமாறினால் சிரித்தார்கள். ஃபர்வானியாவில் அரபுக்காரர்களுக்கு அவன் "ஹிந்தி", அதாவது இந்தியாக்காரன்; திருச்சியில் "குவைத்". படிப்பை முடித்துவிட்டு வந்துவிடுவேன் என்று ஒவ்வொரு போனிலும் சொல்வான். கணவரின் முதலாளியும் வாக்குக் கொடுத்திருந்தார். இக்காமா உயிரோடு இருந்தால், உள்ளே இருக்கிற பையன் என்று கம்பெனி விசாவுக்கு மாற்றிக்கொள்கிறேன். வெளியிலிருந்து ஆள் எடுக்கப் புது விசா என்னிடம் இல்லை என்றிருந்தார். இருபத்தொரு வயதுக்குள் இது நடந்துவிட வேண்டும், ஏனென்றால் அதற்கு மேல் மகனுக்குக் குடும்ப விசா கிடையாது. என் பிள்ளை அவன் ஊரில் இருப்பானா இல்லையா என்பது அந்த ஒரு நூலில் தொங்கியது.

கடைசி வருஷம் புத்தாண்டு லீவுக்கு வந்துவிட்டுப் போனான். ஜூன் மாதம் பரீட்சை முடிந்ததும் வர வேண்டியது. அந்த வருஷம் பார்த்து அவன் கிளப்புக்கும் கெட்ட காலம். தோல்வி மேல் தோல்வி, முதல் பிரிவிலிருந்து இறங்கிவிடும் நிலை. வெளியாட்களை வாங்கித் தப்பிக்க வேண்டியதுதானே என்று ஸ்பெயினில் பேச்சு எழுந்ததாம். கிளப்பின் ஆட்கள் மாட்டேன் என்றார்களாம். இறங்கினாலும் எங்கள் பிள்ளைகளோடு இறங்குகிறோம், அவர்களை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டாம் என்று. இதைப் போனில் இரண்டு தடவை சொன்னான். தோற்றாலும் பரவாயில்லை, என் மண்ணில் வளர்ந்தவனை விட மாட்டேன் என்று சொல்கிற ஓர் ஊர் பூமியில் இருக்கிறது. அது எங்கேயோ இருக்கிறது, நாங்கள் ஃபர்வானியாவில் இருக்கிறோம்.

கடைசி நாள் ஆட்டத்தில் ஜெயித்துத் தப்பித்துவிட்டார்கள். விடுதியிலிருந்து போன் செய்தான். "எறங்கலம்மா. நாங்க எறங்கல." நாங்க என்றான். சரிடா, நீ எப்போது இறங்கப் போகிறாய் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னான், ஒரு பாடத்தின் வினாத்தாள் வெளியாகிவிட்டதாம், அந்தப் பரீட்சையை மறுபடி வைக்கிறார்களாம், ஜூலை நடுவில். அதற்குள் ஆறு மாதம் முடிந்துவிடும்.

ஒரு ராத்திரிக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்று டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்தோம். அப்போது கம்பெனியின் மன்தூப் குறுக்கே வந்தார். அரசாங்க ஆபீஸ் வேலைகளை எல்லாம் கம்பெனிக்காக அலைந்து முடித்துத் தரும் ஆளுக்கு அங்கே மன்தூப் என்று பெயர். படிக்கும் பிள்ளை ஆறு மாதம் தாண்டி வெளியே இருக்க முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கலாம், நான் வாங்கித் தருகிறேன் என்றார். பாஸ்போர்ட் நகல், கல்லூரிச் சான்று எல்லாம் கொண்டுபோனார். ஒரு வாரம் கழித்து என் கணவர் தோளில் தட்டி, "கலாஸ், பாய். மாஃபி முஷ்கில்" என்றாராம். முடிந்தது, பிரச்சினை இல்லை.

"கையில பேப்பர் ஏதாச்சும் குடுத்தாரா?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னுட்டாரு."

"எதுக்கும் ஒரு ராத்திரி வந்துட்டுப் போவட்டுங்க. எனக்கு மனசு ஒப்பல."

"பரீட்ச நேரத்துல புள்ளைய அலைய விடுவியா? இருவது வருஷமா நம்ம எல்லாருக்கும் இக்காமா அடிச்சுக் குடுத்த மனுஷன். அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

வளைகுடாவில் இருந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். அங்கே எங்கள் வாழ்க்கையில் பாதி இந்த மாஃபி முஷ்கிலை நம்பித்தான் ஓடியது. சட்டம் எங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது. மன்தூப்பின் முகம்தான் எங்களுக்குச் சட்டம். என் கணவர் டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பரீட்சை எழுதி முடித்து, ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். நாங்கள் மத்தியானமே விமான நிலையத்துக்குப் போய்விட்டோம். வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து வைத்துவிட்டு வந்திருந்தேன். வெளியே வரும் வழியில் கம்பிக்குப் பக்கத்தில் நின்றேன். சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதாகப் போனில் சொல்லியிருந்தான். எந்தக் கூட்டத்திலும் கோயில் மதில் தெரியும். சென்னை விமானத்தில் வந்தவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், போனார்கள். அடுத்து கொழும்பு விமானம், அதற்கடுத்து டாக்கா. மதில் வரவில்லை.

கணவரின் மொபைல் அடித்தது. தெரியாத நம்பர். உள்ளே யாரோ ஒரு போலீஸ்காரர் மகனிடம் தன் போனைக் கொடுத்திருக்கிறார். என் கணவர் கேட்டுவிட்டு மொபைலை என்னிடம் நீட்டினார்.

"அம்மா, கம்ப்யூட்டர்ல நான் இல்லயாம்" என்றான்.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த இக்காமா நல்லபடி இருந்தது. அதை நம்பித்தான் சென்னையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இங்கே கம்ப்யூட்டரில் அது ஜூலையிலேயே அறுந்துபோயிருந்தது. மன்தூப் கொண்டுபோன தாள்கள் எந்த ஆபீஸ் வாசலையும் மிதிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனிதர். இவன் அரபி பேசுவதைக் கேட்டு எங்கே கற்றாய் என்று கேட்டிருக்கிறார். இங்கேதான், ஃபர்வானியாவில் பிறந்தவன் என்று சொல்லியிருக்கிறான். அவர் சாயா வாங்கிக் கொடுத்து, மன்னித்துக்கொள், என் கையில் ஒன்றும் இல்லை என்றாராம். திரும்பிப் போகும் அதே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவர்தான். அவன் அந்தப் பக்கம் சாயா குடித்தான், நான் இந்தப் பக்கம் நின்றேன்.

வீட்டுக்கு வந்து என் கணவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். மன்தூப்பைச் சொன்னேன், முதலாளியைச் சொன்னேன், அவரையும் விடவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "போன்னு சொன்னா போவணும்னு நாந்தான சொல்லிட்டே இருந்தேன்" என்றார். அது வீம்புப் பேச்சு இல்லை, அழுகை. அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. வத்தக்குழம்பை மறுநாள் கொட்டினேன்.

மனு எழுதினோம், ஆள் பிடித்தோம். மன்தூப் எங்களைப் பார்த்தால் காரிலிருந்து இறங்குவதில்லை. டிசம்பரில் மகனுக்கு இருபத்தொன்று ஆனது. அதோடு எல்லாக் கதவும் மூடிவிட்டது. அவன் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தான். போனில் கிளப்பைப் பற்றிப் பேசுவது குறைந்தது. நானாக, உன் சிங்கங்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டால், "இருக்காங்க" என்பான். டிவியில் அந்தச் சிவப்பு வெள்ளை வந்தால் இப்போது நான்தான் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். ஆட்டம் புரியாது. அந்தப் பையன்கள் அவர்கள் ஊரில் ஓடுவதைப் பார்ப்பேன்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மாத விசிட் விசா கிடைத்தது. மறுபடி அதே கம்பிக்குப் பக்கத்தில் நின்றேன். சாதாரண வெள்ளைச் சட்டையில் வந்தான், பக்கத்தில் வரும்வரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தான். காரில் வரும்போது சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நான் வாங்க என்று சொல்லக் காத்திருப்பவன் போல நின்றான்.

உள்ளே வந்து கைப்பையைத் திறந்து, ஈரத்துணியில் சுற்றிய வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். மல்லிகைச் சரம். சென்னையிலிருந்து வரும் விருந்தாளிகள் எல்லாரும் பூ கொண்டுவருவார்கள். அவன் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கொண்டுவந்ததில்லை. வீட்டுப் பிள்ளை ஏன் கொண்டுவரப் போகிறான்? பெட்டியில் அழுக்குத் துணியைத்தான் கொண்டுவருவான்.

"என்னடா புதுசா?" என்றேன்.

பொட்டலத்தைத் தையல் மெஷின் மேல் வைத்தான். "மொத தடவ வர்ற டீம் பூ வைக்கணும்ல" என்றான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. சாமிக்கும் போடவில்லை. அவன் திரும்பிப் போகும்வரை அது மெஷின் மேலேயே காய்ந்து கிடந்தது, அந்த மாதம் நான் ஒரு ரவிக்கையும் தைக்கவில்லை.